அரசு அலுவலகக் கணினிப் பிரிவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் புதிய தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டெல்டா மாவட்டம் ஒன்றில் ஓர் அரசுத் துறையின் கணினிப் பிரிவு உங்கள் பொறுப்பில் இருக்கிறது. எட்டுப் பேர், பாதிக்கு மேல் 45 வயதைத் தாண்டியவர்கள். பழைய பிஎச்பியிலும் பழைய டாட்நெட்டிலும் (இணைய மென்பொருள் எழுதும் கருவிகள்) எழுதிய மென்பொருள்களை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து க்ளவுட் (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்கள்), ஏஐ, டேட்டா அனலிட்டிக்ஸ் (தரவுப் பகுப்பாய்வு) என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். இவர்களை எந்தக் கோர்ஸுக்கு அனுப்பலாம், அல்லது ஒப்பந்தத்தில் நான்கு இளைஞர்களை எடுத்துக்கொண்டு இவர்களைப் பழைய வேலையிலேயே விட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி. கோர்ஸ் பெயரைக் கேட்பதுபோல் எழுதியிருந்தாலும், இந்த எட்டுப் பேரை நம்பி இறங்கலாமா என்றுதான் நீங்கள் தயங்குகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இறங்கலாம். ஆனால் கோர்ஸிலிருந்து தொடங்காதீர்கள். அவர்கள் கையில் இருக்கும் ஓடுகிற மென்பொருள் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அதைச் சரிசெய்யும் அதிகாரத்தையும் நேரத்தையும் முதலில் கொடுங்கள். எந்தக் கோர்ஸ் வேண்டும் என்பது அந்த வேலைக்குள் இருந்தே தெரியவரும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளின் காலத்தில் அரசு வேலையில் ப்ரோகிராமராகச் சேர்ந்து, பிற்பாடு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கணினிப் பிரிவுகளுக்குப் பயிற்சி கொடுத்தவன். மென்பொருள், டேட்டாபேஸ், பாதுகாப்பு ஆகிய மூன்றும் எனக்குப் பழக்கமானவை. நெட்வொர்க் பக்கம் என் அனுபவம் குறைவு, அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. சம்பளக் கட்டமைப்பு, பதவி உயர்வு போன்றவற்றில் எனக்கு இருப்பது கருத்துதான். அங்கே வரும்போது கருத்து என்றே சொல்கிறேன்.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் பழைய ஆட்களின் தலைக்குள் இருக்கும் விஷயத்தை எந்த ஒப்பந்தத்திலும் வாங்க முடியாது. ஒரு உதாரணம். நில விவரத்தைத் தேடும் ஒரு பக்கத்தை ஒப்பந்த இளைஞர் ஒருவர் அழகாக எழுதிக்கொடுத்தார். சர்வே நம்பர், உட்பிரிவு இரண்டையும் போட்டால் விவரம் வரும். சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. பிரிவில் இருந்த மூத்த அம்மா ஒருவர், முன்பு தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "4ஏ உட்பிரிவு ஆகி 4ஏ1, 4ஏ2 ஆகிவிட்டது தம்பி. விவசாயி கையில் இருக்கும் பத்திரத்தில் 4ஏ என்றுதானே இருக்கும்? அதைப் போட்டால் 'விவரம் இல்லை' என்று வருகிறதே, அவர் நிலம் காணாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போவாரா?" அந்தத் தம்பிக்கு 4ஏ என்பது வெறும் எழுத்து. அந்த அம்மாவுக்கு அது ஒரு அப்பா இறந்து இரண்டு மகன்கள் பாகம் பிரித்துக்கொண்ட கதை. யூடிஆருக்கு (நில ஆவணங்களைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய பழைய நம்பரோடு வருகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தேடல் பக்கத்தில் தாய் நம்பரைப் போட்டால் பிள்ளை நம்பர்கள் எல்லாம் வரும்படி மாற்றினார்கள். கூடவே, உட்பிரிவுகளை எழுத்தாக வரிசைப்படுத்தினால் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும் சிக்கலையும் அன்றைக்கே சரிசெய்தார்கள்.

டெல்டாவில் இது இன்னும் ஆழமாகப் போகும். நெல் கொள்முதலுக்கோ பயிர்க் காப்பீட்டுக்கோ ஒரு படிவம் தயாரிக்கிறோம் என்று வையுங்கள். வெளியூரிலிருந்து வரும் நிரலாளர் பட்டாதாரர்தான் விவசாயி என்று எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் இந்தப் பகுதியில் கோயில் நிலமும் ஆதீன நிலமும் மட நிலமும் ஏராளம். பட்டா ஒரு பெயரில், சாகுபடி செய்யும் குத்தகைதாரர் வேறு பெயரில். ஆதார் பெயரும் பட்டா பெயரும் ஒத்துப்போனால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்று எழுதிவிட்டால், உண்மையிலேயே சேற்றில் இறங்கியவர் வெளியே நிற்பார். விஏஓ கொடுக்கும் சாகுபடிச் சான்றுக்கு ஒரு இடம் வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லக்கூடியவர், இருபது வருடம் அடங்கலோடு (கிராமத்தின் பயிர்க் கணக்கு) பழகியவர்தான். மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28 அன்று நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபோதும் இந்த அனுபவம்தான் கை கொடுத்தது. மாவட்டக் குறியீடு எந்தெந்த அட்டவணையில் இருக்கிறது, எந்த அறிக்கையில் அதை நேரடியாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைவிலிருந்து சொன்னவர்கள் பழைய ஆட்களே.

அதற்காக ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இளைஞர்கள் வேகமாகச் செய்கிறார்கள், புதிய கருவிகள் அவர்களுக்குச் சரளம், கேட்கத் தயங்குவதில்லை. சிக்கல் அவர்கள் போன பிறகு வருகிறது. ஒப்பந்தம் முடியும், ஆள் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுவார், சோர்ஸ் கோட் (மென்பொருளின் மூல நிரல்) யாரோ ஒருவரின் லேப்டாப்பில் இருக்கும், சர்வர் பாஸ்வேர்ட் ஒரு வாட்ஸப் செய்தியில் இருக்கும். ஆகவே இரண்டு இளைஞர்களை எடுங்கள், ஆனால் தனியாக உட்கார வைக்காதீர்கள். ஒவ்வொரு இளைஞரோடும் ஒரு மூத்தவரை ஒரே மேசையில், ஒரே மென்பொருளில் போடுங்கள். மென்பொருளின் பொறுப்பு மூத்தவர் பெயரில் இருக்கட்டும். ஒப்பந்தத்திலேயே, சோர்ஸ் கோட் துறையின் சர்வரில்தான் இருக்க வேண்டும், கடைசி இரண்டு மாதத்தில் மாற்றங்களை மூத்தவரே செய்ய வேண்டும், இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி பல கோர்ஸ்களுக்குச் சமம்.

அடுத்து, கோர்ஸ் ஏன் பலன் தருவதில்லை என்பது. ஐந்து நாள் சென்னைக்கு அனுப்புகிறோம். நல்ல ஆசிரியர், நல்ல சாப்பாடு, சான்றிதழ். திங்கட்கிழமை திரும்பி வந்தால் அதே பழைய சர்வர், அதே லாகின், 'ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே' என்ற அதே உத்தரவு. கற்றதைச் செய்துபார்க்க ஒரு டெஸ்ட் சர்வர்கூட இல்லை. மூன்று மாதத்தில் எல்லாம் மறந்துபோகும். மடையைத் திறக்காமல் வாய்க்காலை மட்டும் தூர்வாரினால் வயலுக்குத் தண்ணீர் வராது. அப்புறம், 'இவர்களுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது' என்ற பேச்சு கிளம்பும். எனக்கு அதுதான் உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பத்து வருடம் ஒரு மனிதரைப் பழைய வேலையிலேயே பூட்டி வைத்துவிட்டு, அவருக்குப் புதுசு தெரியவில்லை என்று சொல்வது நியாயமே இல்லை.

சரி, எந்த வேலையை முதலில் எடுப்பது? உங்கள் பழைய பிஎச்பி மென்பொருள் ஒன்றைச் சொன்னீர்களே, அதுவே போதும். பிஎச்பி 5.6-க்கான ஆதரவு 2018 டிசம்பர் கடைசியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அதை உருவாக்கியவர்களிடமிருந்து மருந்து வராது. பழைய நிரல்களில் டேட்டாபேஸை அழைக்கப் பயன்பட்ட மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே புதிய பதிப்புக்குப் போக வேண்டுமானால் டேட்டாபேஸைத் தொடும் ஒவ்வொரு வரியையும் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். அலுப்பான வேலை மாதிரி தோன்றும், ஆனால் இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பிடிஓ என்ற புதிய டேட்டாபேஸ் இணைப்பு முறைக்கு மாற்றும்போது, பயனர் தட்டியதைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பழக்கமாகிவிடும். பாஸ்வேர்டை எம்டி5 என்ற பலவீனமான பழைய முறையில் வைத்திருந்த இடம் கண்ணில் படும், அதை மாற்றும்போது ஹாஷ் (பாஸ்வேர்டைத் திரும்பப் படிக்க முடியாத வடிவமாக்குவது) என்றால் என்ன என்று புரியும். அறிக்கை வர ஏன் ஐந்து நிமிடம் ஆகிறது என்று பார்க்கப்போனால் இன்டெக்ஸ் (டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் அட்டவணைக் குறிப்பு) பற்றிய பாடம் தானாக வரும்.

இதோடு சேர்த்து ஒரு காகிதத்தைத் தேடி எடுங்கள். அரசு மென்பொருளை ஸ்டேட் டேட்டா சென்டரிலோ என்ஐசியிலோ (மத்திய அரசின் தேசியத் தகவல் மையம்) ஏற்றும் முன், செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) அங்கீகரித்த தணிக்கையாளர்கள் பாதுகாப்புத் தணிக்கை செய்து ஒரு அறிக்கை கொடுப்பார்கள். பெரும்பாலான அலுவலகங்களில் அந்த அறிக்கை அப்படியே ஒப்பந்த நிறுவனத்துக்குப் போய், 'சரிசெய்யப்பட்டது' என்று திரும்பி வந்து, கோப்பில் உட்கார்ந்துவிடும். உங்கள் ஆட்கள் அதைப் படித்தே இருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில், பயமுறுத்தும் சொற்களில் இருக்கும்.

ஒரு முறை அப்படிப்பட்ட அறிக்கையின் முதல் குறையை மட்டும் எடுத்து ஒரு காலை முழுக்க உட்கார்ந்தோம். டெஸ்ட் சர்வரில் மென்பொருளின் ஒரு நகலைப் போட்டுக்கொண்டோம். விண்ணப்ப எண்ணைத் தேடும் பெட்டியில் எண்ணுக்குப் பதிலாக ஒற்றை மேற்கோள் குறியை மட்டும் தட்டி என்டர் அடிக்கச் சொன்னேன். பக்கம் உடைந்து, திரையில் ஒரு பிழைச் செய்தி வந்தது. அதில் டேட்டாபேஸ் அட்டவணையின் பெயர் பச்சையாக நின்றது. 'இதை வெளியில் இருக்கும் யாரும் தட்டலாம், யாரும் படிக்கலாம்' என்றேன். அந்தப் பக்கத்தை எழுதியவர் அறையிலேயே இருந்தார். முகம் சுருங்கியது. உடனே நிரலைத் திறக்கச் சொல்லி, பயனர் தட்டியதை எஸ்க்யூஎல் (டேட்டாபேஸைக் கேட்கும் மொழி) வரியோடு நேராக ஒட்டியிருந்த இடத்தை அவரே காட்டும்படி கேட்டேன். காட்டினார். மாற்றுவது எப்படி என்று ஒரு இடத்தில் மட்டும் செய்து காட்டினேன். மதியம் சாப்பிடப் போகவில்லை அவர். அதே மாதிரி ஒட்டியிருந்த மற்ற இடங்களையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, பக்கத்துப் பிரிவின் மென்பொருளிலும் இதே குறை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்ற இந்த வகைத் தாக்குதல் பற்றிய சான்றிதழ் எதுவும் அவரிடம் இல்லை. இனி அந்த மாவட்டத்தில் அந்த ஓட்டையோடு ஒரு பக்கம் அவர் கையைத் தாண்டிப் போகாது.

இந்த மாதிரிச் சோதனைகளை டெஸ்ட் சர்வரில் மட்டும் செய்யுங்கள். ஓடுகிற சர்வரில் வேண்டவே வேண்டாம், நல்ல எண்ணத்தோடு செய்தாலும். டெஸ்ட் சர்வருக்கு மக்களின் உண்மையான ஆதார் எண், போன் நம்பர்களை அப்படியே நகலெடுத்துக்கொண்டு வராதீர்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் அது செய்யக்கூடாத வேலைதான். எண்களை மாற்றிப் போட்டு ஒரு மாதிரித் தரவு தயாரிப்பதையே ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். எஸ்க்யூஎல் நன்றாகப் பழகும். லாக் (சர்வரில் நடப்பதைத் தானாகப் பதியும் கோப்பு) எங்கே இருக்கிறது என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி இணையத் தாக்குதல் போன்ற சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சம்பவம் நடந்த அன்று, லாக்கை எங்கே தேடுவது என்று ஒப்பந்த நிறுவனத்துக்கு போன் போட்டுக்கொண்டிருந்தால் அந்த ஆறு மணி நேரம் போனதே தெரியாது.

கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கற்றுக்கொடுப்பது பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அவர்களுடைய கணினியிலேயே 'நியூ', 'நியூ2', 'ஃபைனல்', 'ஃபைனல் கலெக்டர் மீட்டிங்' என்று ஃபோல்டர்கள் இருக்கும். அவற்றைத் தேதி வரிசையில் ஒவ்வொன்றாக கிட்டில் ஏற்றச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எந்த வரி மாறியது என்று திரையில் பார்த்ததும், இது எதற்கு என்று விளக்க வேண்டிய தேவையே இருக்காது. பிராஞ்ச், மெர்ஜ் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேக்கப் பற்றி டெல்டாவில் இருப்பவர்களுக்கு நான் எப்போதும் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதன்பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மின்சாரம் திரும்ப எத்தனை நாள் ஆனது என்பது இங்கே இருந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் சேத விவரம், நிவாரணப் பட்டியல் எல்லாம் கணினியிலிருந்து வேண்டும் என்று கேட்பார்கள். பேக்கப் தினமும் எடுக்கிறோம் என்று எல்லா அலுவலகத்திலும் சொல்வார்கள். அந்தப் பேக்கப்பிலிருந்து ஒரு முறையாவது வேறு கணினியில் டேட்டாபேஸைத் திரும்ப எழுப்பிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன், செப்டம்பரில் ஒரு நாள், ஒருவரிடம் பேக்கப் ஃபைலை மட்டும் கொடுத்து, யாரையும் கேட்காமல் எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே உங்கள் அலுவலகத்துக்கான கையேடு. அடுத்த வருடம் வேறொருவர் அதை வைத்துச் செய்யட்டும்.

க்ளவுடைப் பொறுத்தவரை, லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கட்டளை வரியில் கை பழகாமல் அங்கே போனால் திரையில் பொத்தான்களை அழுத்தத்தான் தெரியும், ஏதாவது நின்றுபோனால் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் எல்லாம் சின்னச் சின்ன வீடியோக்களாக, தமிழ்க் குரலோடும், இலவசமாகக் கிடைக்கின்றன. கொஞ்சம் பழையவைதான், அடிப்படைக்குப் போதும். ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு என்பிடெல் (ஐஐடிக்களின் இணையவழிப் பாடங்கள்) இருக்கிறது. மத்திய அரசின் ஐகாட் கர்மயோகி தளத்தில் பொதுவான பாடங்கள் நிறைய. அலுவலக நடைமுறை, பாதுகாப்பு விழிப்புணர்வு போன்றவற்றுக்கு அது நல்லது. கையால் செய்து பழக வேண்டிய வேலைக்கு அது மட்டும் போதாது என்பது என் அனுபவம்.

ஏஐ விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பழைய நிரலைப் படித்து விளக்கச் சொல்வதற்கும், பிழைச் செய்தியைப் புரிந்துகொள்வதற்கும், ஆங்கில ஆவணத்தைத் தமிழில் சுருக்கிக் கேட்பதற்கும் அது நடுத்தர வயதுப் பணியாளர்களுக்குப் பெரிய துணையாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர் அதனிடம் கூச்சமில்லாமல் பத்து முறை கேட்கிறார். ஆனால் அது எழுதிக்கொடுக்கும் நிரல் சரியா என்று பார்க்க எஸ்க்யூஎல்லும் நிரலாக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அடிப்படையை விட்டுவிட்டு ஏஐ வகுப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அலுவலகத் தரவை வெளித் தளங்களில் ஒட்டக் கூடாது என்பதை எழுத்திலேயே போட்டுவிடுங்கள். மத்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் தன் பணியாளர்களுக்கு, அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் துறையின் நிலைப்பாட்டை மேலே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு தொடங்குவது நல்லது. இன்னும் ஐந்து வருடத்தில் இந்த வேலைகளில் எவை ஏஐக்குப் போகும் என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான். நான் சொன்னாலும் அப்படித்தான்.

எந்த வெளிக் கோர்ஸிலும் வராத ஒரு பாடம் நம்மிடம் இருக்கிறது, தமிழ்த் தரவு. வானவில் எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்கள் இன்னும் அலுவலகங்களில் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றினால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி நிற்கும், பெயர்கள் தேடலில் சிக்காது. ஒரே ஆள் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார், முருகையன், முருகய்யன், முருகையா என்று. இதைச் சுத்தம் செய்வதற்குள் டேட்டா அனலிட்டிக்ஸுக்குத் தேவையான பாதி வேலை கற்றாகிவிடும். இதில் உங்கள் டைப்பிஸ்ட்டுகளையும் டேட்டா என்ட்ரி பார்க்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சி.ஓ.ஏ. (அலுவலகக் கணினிப் பயன்பாட்டுச் சான்றிதழ்) முடித்துவிட்டு வந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் எக்ஸெலில் நீளமான ஃபார்முலா எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார். அவருக்கு எஸ்க்யூஎல் சொல்லிக்கொடுத்தால் உங்கள் ப்ரோகிராமரைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார். பதவிப் பெயரைப் பார்த்து ஆள் தேர்ந்தெடுக்காதீர்கள்.

காலம் குறிப்பது இங்கே ரொம்ப முக்கியம், சென்னையில் இருந்து அட்டவணை போடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை சம்பா, தாளடி அறுவடை, கொள்முதல் நிலையங்களில் பதிவு, கூடவே நிதியாண்டு முடிவு. மே, ஜூனில் ஜமாபந்தி (கிராம வருவாய்க் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை), பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால் குறுவைக் கணக்கு. செப்டம்பர், அக்டோபரில் குறுவை கொள்முதல். அதன்பிறகு வடகிழக்குப் பருவமழை, நவம்பர் நடுவில் சம்பா காப்பீட்டுக்குக் கடைசித் தேதி, அந்த வாரம் சர்வர் படும் பாடு உங்களுக்கே தெரியும். மீதி இருப்பது ஜூலை, ஆகஸ்ட். ஏப்ரலில் கொஞ்சம். பெரிய மாற்றங்களை ஜூலை, ஆகஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஒரு அரை நாள் போதும், ஆனால் அந்த அரை நாளை யாரும் தொடக் கூடாது. விசி (வீடியோ கூட்டம்) இருக்கிறது, ரிவியூ இருக்கிறது என்று இரண்டு முறை தள்ளிப்போனால் மூன்றாவது முறை யாரும் வர மாட்டார்கள்.

வகுப்பை மாலையிலோ சனிக்கிழமையிலோ வைக்காதீர்கள். கும்பகோணத்திலிருந்து திருவாரூருக்கும், மன்னார்குடியிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் தினமும் போய்வருகிறவர்கள் இருப்பார்கள். ஐந்தே முக்காலுக்குக் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். அதுவும் பெண்களுக்கு வீட்டுக்குப் போனால் இன்னொரு வேலை காத்திருக்கிறது. ஆர்வம் இல்லை என்று எழுதப்பட்டவர்களில் பலருக்கு நேரம்தான் இல்லாமல் இருந்தது. மூத்தவர்களின் தயக்கத்துக்கும் இடம் கொடுங்கள். ஜூனியர்கள் முன்னால், அதிலும் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருக்கும்போது, 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்ல ஐம்பது வயதுக்காரருக்கு வாய் வராது. அதிகாரிகள் வகுப்பில் உட்கார வேண்டாம், நீங்கள் உட்பட. முதல் நாள் வந்து, இந்த நேரம் அலுவலக வேலைதான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுங்கள்.

இனி நிச்சயமில்லாதவை. நன்றாகக் கற்றவர்கள் தனியாருக்குப் போய்விடுவார்களா என்று கேட்டீர்கள். நிரந்தரப் பணியில் இருப்பவர்கள், அதுவும் இந்த ஊரில் வீடும் கொஞ்சம் நிலமும் இருப்பவர்கள், பெரும்பாலும் போவதில்லை என்பது நான் பார்த்த வரையில். ஒப்பந்தப் பணியாளர்கள் போவார்கள், அவர்களைத் தடுக்கவும் கூடாது. இடமாற்றம்தான் பெரிய அடி. மென்பொருளை முழுசாகப் புரிந்துகொண்ட ஆறாவது மாதத்தில் வேறு இடத்துக்குப் போட்டுவிடுவார்கள். இதற்கு உங்கள் மட்டத்தில் முழுத் தீர்வு இல்லை. ஒரு மென்பொருளுக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் பாதிப்பு குறையும். சான்றிதழுக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் கற்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சான்றிதழ் வாங்குவார்கள். நல்ல வேலையை ரிவியூ கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டுவது அதைவிட வேலை செய்கிறது என்று தோன்றுகிறது, இது என் கருத்து மட்டும்தான். எட்டுப் பேரில் எட்டுப் பேரும் மாறிவிடுவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு பேர் உண்மையிலேயே விரும்ப மாட்டார்கள். அவர்களைப் பயனர் உதவி, ஆவணப்படுத்துதல், சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாலுகாவிலிருந்து வரும் போனை எடுத்துப் பொறுமையாகப் பதில் சொல்வதும் தொழில்நுட்பப் பிரிவின் வேலைதான்.

உங்கள் மாவட்ட ஆட்களால் எதைத் தொட முடியும் என்பதையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நில ஆவணங்களுக்கான தமிழ் நிலம், பதிவுத்துறையின் ஸ்டார் போன்ற மாநிலம் தழுவிய மென்பொருள்களின் நிரல் உங்கள் கையில் இல்லை. அவற்றில் உங்களால் முடிந்தது, குறையைத் தெளிவாக எழுதி அனுப்புவது: எந்தப் பக்கம், எதைத் தட்டியபோது, என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது, ஸ்கிரீன்ஷாட்டோடு. இதுவும் கற்றுக்கொடுக்க வேண்டிய திறன். 'சர்வர் ஒர்க் ஆகவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. மாவட்டத்திலேயே எழுதிய சின்ன மென்பொருள்கள், அறிக்கைகள், இணையதளம் ஆகியவைதான் நீங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை.

தலைமை அலுவலகத்துக்கு நீங்கள் எழுதும்போது பயிற்சிக்கான ஒதுக்கீடு என்று கேட்காமல், ஒரு டெஸ்ட் சர்வர், துறையின் பெயரில் ஒரு கிட் இடம், எல்லா மென்பொருள்களின் சோர்ஸ் கோட், கடைசித் தணிக்கை அறிக்கை ஆகிய நான்கையும் கேளுங்கள். இவை வந்த பிறகு பக்கத்தில் இருக்கும் கல்லூரிகளிடம் பேசலாம். திருச்சி என்ஐடி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், வல்லம், திருமலைசமுத்திரம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மாதம் ஒரு நாள் ஒரு ஆசிரியர் வந்து, உங்கள் ஆட்கள் எழுதிய நிரலை அவர்களோடு உட்கார்ந்து படித்தால் போதும். ஸ்லைடு போட்டுப் பேச வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். டெஸ்ட் சர்வருக்கு அனுமதி வர மூன்று மாதம் ஆகும் என்று சொன்னால், அலுவலகத்தில் ஓரமாகக் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸைப் போட்டு, வெளி இணைப்பு இல்லாமல், இந்த வாரமே ஆரம்பித்துவிடலாம். எப்படிப் போடுவது என்று உங்கள் ஆட்களில் ஒருவருக்கே தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.